அரக்கு வைத்த கண்ணாடி

அவரை ஆறு வருஷம் எனக்குத் தெரியும். அதில் முக்கால்வாசி நேரம் இருநூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, தலைக்கு மேல் வந்து விழுந்த அவருடைய குண்டுகளை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஆளைப் பிடிக்காமல் போவதற்கு அவ்வளவு தூரம் ஒரு தடையே இல்லை.

பேரைச் சொல்ல மாட்டேன். ஊரில் எல்லோரும் வக்கீலய்யா என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அந்தப் பேரை என் வாயால் உச்சரிக்கும் அளவுக்கு இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. என் சம்சாரத்தின் தம்பி செல்லையாவுக்கு இடது கண் போனது அவரால்தான். அதை நாலு பேர் முன்னால் நிரூபிக்க எனக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கியவனும் நான், கோட்டை விட்டவனும் நான்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. நாகமலைக்குக் கீழே துப்பாக்கி கிளப் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மில் துரைமார்களும், லைசென்ஸ் வைத்திருந்த நம்மூர்ப் பெரிய மனுஷர்கள் நாலைந்து பேரும் காரிலும் ஜட்காவிலும் வந்து இறங்குவார்கள். மலையே பின்சுவர். குறி தப்பிய குண்டு மலையில் போய்ப் புதைந்துவிடும். மலைக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு நீளப் பள்ளம் வெட்டி, சுடுகிறவர்கள் பக்கம் மண்ணைக் கொட்டிக் கரை கட்டியிருந்தார்கள். நானும் செல்லையாவும் அந்தப் பள்ளத்துக்குள் நிற்போம். டார்கெட் மட்டும் கரைக்கு மேலே தெரியும். ஒரு டார்கெட்டுக்கு இரண்டு சட்டம். ராட்டினத்து வாளி மாதிரி ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறும்.

என் வேலை கொடி. செல்லையாவின் வேலை பசை. குண்டு விழுந்ததும் எங்கே விழுந்தது என்று பார்த்து நான் சைகை காட்ட வேண்டும். நடுக்கறுப்பில் பட்டிருந்தால் நீளக் கம்பில் மாட்டிய வெள்ளைத் தட்டை அந்தக் கறுப்பின் மேல் வைத்துக் காட்டுவேன். தாளிலேயே படவில்லை என்றால் செங்கொடியை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். ஆட்டாமல் கரைமேல் அசையாமல் நிறுத்திப் பிடித்தால், சுடாதே, உள்ளே ஆளுக்கு ஆபத்து என்று அர்த்தம். நான் காட்டி முடித்ததும் செல்லையா சட்டத்தை இறக்கி, தகர டப்பாவில் இருக்கும் மைதாப் பசையைத் தொட்டு, ஓட்டையின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டுவான். ஒட்டிவிட்டால் அங்கே ஓட்டை இருந்தது தெரியாது. அவன் கை அவ்வளவு சுத்தம்.

வக்கீலய்யா காக்கி அரைக்கால் சட்டை போட்டு, அதற்கு மேல் கோர்ட்டுக்குப் போகும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார். துப்பாக்கி உதைப்பது தோளில் உறைக்காமலிருக்க அந்தக் கோட்டு என்பார். வெயிலில் வேர்த்துக் கொட்டும், கழற்ற மாட்டார். பின்னால் குமாஸ்தா ஒரு மரப்பெட்டியையும் குடையையும் தூக்கிக்கொண்டு வருவான். பெட்டிக்குள் துப்பாக்கி, துப்பாக்கி மேல் தூரக்கண்ணாடி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் ஏலத்தில் எடுத்த ஜெர்மன் சாமான் அது. கிளப்பில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. மற்றவர்கள் வெறுங்கண்ணால் பொட்டாகப் பார்த்த கறுப்பை அவர் தோசைக்கல் அளவுக்குப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

"கண்ணாடிக்கு முன்னால தூரம்னு ஒண்ணு கிடையாது" என்று அடிக்கடி சொல்வார். நூறு கெஜமோ முந்நூறு கெஜமோ, கண்ணாடி எல்லாவற்றையும் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது, அப்புறம் குண்டுக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. வாய்க்கால் தகராறில் ஆரம்பித்துக் கொலைக் கேஸ் வரைக்கும் ஜெயித்துப் பழகிய மனுஷன். தோட்டாவோடும் கேஸ் நடத்தினார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருநூறு கெஜத்தில் அவர் சுட்டால் அது சுடுவதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கட்டையாகிப் போவார். அஞ்சு குண்டு விட்டால் அஞ்சையும் செல்லையா உள்ளங்கையால் மூடிக் காட்டுவான். "என்ன இருந்தாலும் மனுசன் சுடுறாரு மச்சான்" என்று அவனே சொல்லியிருக்கிறான். பாவிப்பயல், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

முதல் வருஷத்திலேயே, அப்படி அஞ்சும் ஒரே இடத்தில் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அரக்கு வைத்தார். கண்ணாடியின் முன்பக்கத்தில் ஒரு வளையம் உண்டு, தூரத்துக்குத் தகுந்த மாதிரி பார்வையைச் சரிசெய்ய. மேலே ஒரு திருகு உண்டு, தூரத்துக்குத் தகுந்த மாதிரி குறியை ஏற்றி இறக்க. இரண்டையும் இருநூறு கெஜத்துக்குச் சரியாக நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்து, பத்திரங்களுக்கு வைக்கும் சிவப்பு அரக்கை இரண்டின் மேலும் உருக்கி ஊற்றி, கைமோதிரத்தை அழுத்தி முத்திரை வைத்துவிட்டார். "தீர்ப்பு ஆயாச்சு. இனிமே எவனும் இதைத் தொடப்படாது" என்றார். அவர் வீட்டில் நெய் ஜாடிக்கும் ஊறுகாய்ப் பானைக்கும் இதே மோதிர முத்திரை உண்டு என்று குமாஸ்தா சொல்லிச் சிரித்தான். பெண்டாட்டியே கேட்டுத்தான் நெய் எடுக்க வேண்டுமாம்.

கிளப்பின் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பாய். பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அரக்கு அவர் கண்ணில் பட்டது. அடுத்த வாரமே வக்கீலய்யாவைக் கூப்பிட்டு, துப்பாக்கியை மணல்மூட்டை மேல் அசையாமல் வைத்து, ஐம்பது கெஜத்தில் ஒரு தாளை ஒட்டிக் காட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"துப்பாக்கியத் தொடாம, தலைய மட்டும் லேசா இப்படி அப்படி ஆட்டிப் பாருங்க சாப். உள்ள இருக்கிற சிலுவைக்கோடு தாள் மேல நடக்குது பாருங்க."

வக்கீலய்யா கண்ணை வைத்துப் பார்த்தார்.

"வளையம் இருநூறுக்கு நிக்குது சாப். கிட்டப் பாத்தா கோடு ஒரு இடத்துல நிக்காது. கண்ணு கொஞ்சம் விலகினா குறியும் விலகிரும். ஒவ்வொரு தூரத்துக்கும் வளையத்தத் திருப்பணும், திருகையும் மாத்தணும். குண்டு நூல் புடிச்ச மாதிரிப் போகாதுல்ல. மண்ணாங்கட்டிய எறிஞ்சா போற மாதிரி ஏறித்தான் இறங்கும். இருநூறுல நடுவுல விழுதுன்னா, நூறுல மேல நிக்கும், முந்நூறுல தொங்கிரும்."

"என் தலை ஆடாது பாய்" என்றார் வக்கீலய்யா. அவ்வளவுதான் பதில். பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். பாய் என்னைப் பார்த்து, "தலை ஆடாதுங்கிறவன்கிட்ட என்னத்தச் சொல்ல" என்று மணல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பாய் சொன்னதை நான் பள்ளத்துக்குள்ளிருந்து வாராவாரம் பார்த்தேன். நூறு கெஜப் போட்டி என்றால் அவர் குண்டு கறுப்புக்கு மேலே நாலைந்து விரல் தள்ளித்தான் விழும். எப்போதும் மேலே, எப்போதும் அதே நாலைந்து விரல். நான் காட்டுவேன். உடனே அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். எவ்வளவு வெயில் என்றாலும் வருவார். மற்றவர்கள் சுடாமல் காத்திருக்க வேண்டும். பள்ளத்துக்குள் இறங்கி, என்னை விலக்கிவிட்டு, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார்.

"இது என் குண்டு இல்லை. போன ரவுண்டு ஓட்டை. ஒட்டாம விட்டிருக்கீங்க."

"ஒட்டியாச்சுங்கய்யா. இது இப்பத்தான் விழுந்துச்சு, ஓரத்துல தாள் இன்னும் பிரிஞ்சு நிக்குது பாருங்க."

"கண்ணாடி பொய் சொல்லாது. நீதான் சொல்லுவே."

ஆறு வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டிருப்பேன். முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்வதை அவர் காலைவணக்கம் மாதிரி சொல்வார். கோபமே இருக்காது. அதுதான் எனக்கு எரியும். மற்ற எவரும் என் கொடியைச் சந்தேகப்பட்டதில்லை. செக்ரெட்டரி துரை, மில்லில் இன்ஜினீயர், தன் குண்டு தாளிலேயே படாத நாளில்கூடத் தொப்பியைத் தூக்கி எனக்கு ஆட்டிவிட்டு அடுத்த தோட்டாவைப் போடுவார்.

ஒருநாள் ரசமட்டமும் டேப்பும் கொண்டுவந்தார் வக்கீலய்யா. டார்கெட்டைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறார்களாம், அதனால்தான் குண்டு மேலே போகிறதாம். நாலு விரல் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினோம். திரும்பிப் போய்ப் படுத்து, உயர்த்திய கறுப்பைக் குறிபார்த்துச் சுட்டார். உயர்த்திய கறுப்புக்கு மேலே நாலு விரலில் விழுந்தது. செல்லையா பசை டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் நடந்து வந்து, அவர் திரும்பி நடக்கும்போது நாங்கள் மறுபடி இறக்கிவிட்டோம் என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

பாய் சொன்னதில் பாதியைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். முந்நூறு கெஜம் கிளப்பில் அபூர்வம். வருஷத்துக்கு ஒருமுறை, தைமாசம் கழிந்து நடக்கும் பெரிய போட்டிக்கு மட்டும்தான். முந்தின வருஷங்களில் அவர் கேஸ் கேஸ் என்று அதற்கு வந்ததில்லை. அந்த வருஷம் வந்தார்.

அன்று காலையிலேயே செல்லையாவிடம் சொன்னேன், "இன்னிக்குக் கீழ விழும் மாப்ள. கரையை ஒட்டி நிக்காத."

"கீழன்னா எம்புட்டு மச்சான்?"

"பாய் ஒரு முழம்ங்கிறாரு."

டார்கெட்டின் நடுக்கறுப்பிலிருந்து ஒரு முழம் கீழே வந்தால் தாளின் அடிவிளிம்பு. அதற்கும் கீழே கரையின் உச்சி. கரை மண்தான், ஆனால் நாகமலைக்குக் கீழே எந்த மண்ணில் சுக்கான்கல் இல்லை.

அவர் முறை வந்தது. முதல் குண்டு கரை உச்சியில் அடித்தது. எங்கள் தலையில் மண் கொட்டியது. செங்கொடியை ஆட்டினேன். இரண்டாவதும் அதே இடம், இந்தத் தடவை கல்லும் தெறித்தது. ஆட்டவில்லை. கொடியைக் கரைமேல் நட்ட மாதிரிப் பிடித்துக்கொண்டு, செல்லையாவைச் சட்டத்தை இறக்கிவிட்டு ஒதுங்கச் சொன்னேன். கொடி நின்றால் சுடக்கூடாது. அது கிளப் விதி. செல்லையா சட்டத்தைப் பிடித்து இழுக்க முன்னால் வந்தான். மூன்றாவது சத்தம் கேட்டது.

அவன் கத்தவில்லை. பசைக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. "மச்சான், கண்ணத் தொறக்க முடியல" என்றான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறி முந்நூறு கெஜமும் ஓடினேன். செக்ரெட்டரி துரைதான் தன் காரில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். வக்கீலய்யா படுத்த இடத்திலிருந்து எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி இது: "மூணும் எங்கே பட்டுது?"

 

மறுவாரம் கிளப் கொட்டகையில் விசாரணை வைத்தார்கள். துரை நடுவில், கமிட்டிக்காரர்கள் இரண்டு பக்கமும். செல்லையாவின் கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் தப்பு என்பதுதான் கேள்வி. கிளப்பின் தப்பு என்றால் அவன் காலத்துக்கும் கிளப் பொறுப்பேற்கும், மில்லில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று போட்டுத் தருவதாகத் துரை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். வேலைக்காரனுடைய தப்பு என்றால் ஒன்றும் கிடையாது. அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்.

வக்கீலய்யா கறுப்புக் கோட்டில் வந்தார். எழுந்து நின்று, பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எல்லோருக்கும் காட்டி வாதாடினார். முத்திரை உடையவில்லை. வைத்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை. இருநூறு கெஜத்தில் இந்தத் துப்பாக்கி எப்படிச் சுடும் என்று கமிட்டிக்கே தெரியும். அப்படிப்பட்ட துப்பாக்கியின் குண்டு கரையில் எப்படிப் படும்? முதல் இரண்டும் தாளில்தான் பட்டது, ஓட்டையை இவர்கள் ஒட்டி மறைத்துவிட்டார்கள். இந்த ஆள் பழைய பகையில் செங்கொடி ஆட்டினான். ஆறு வருஷமாக இவன் கொடியைப் பற்றி அவர் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார், கமிட்டி கேட்டிருக்கிறது. சுடும்போதே அந்தப் பையன் சட்டத்தை இறக்கினான், குண்டு பட்டுச் சட்டத்தின் மரச்சிம்பு தெறித்துக் கண்ணில் ஏறியது. பேசிவிட்டு உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொடி நின்னுச்சுங்க" என்றேன். "ஆட்டல. நிப்பாட்டிப் பிடிச்சேன்."

துரை பாயைப் பார்த்தார். பாய் எழுந்து, "எனக்குக் கண்ணு மங்கல் சாப். முந்நூறு கெஜத்துல செகப்பாத் தெரிஞ்சுச்சு. நின்னுச்சா ஆடுச்சான்னு அல்லா மேல ஆணையாச் சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்காகவாவது ஒன்று சொல்லியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

"என் கண்ணாடியில் ஆடியது" என்றார் வக்கீலய்யா.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் ஆயுசில் எனக்கு வந்த யோசனைகளிலேயே மட்டமானது அது. அப்போது அமிர்தமாக இருந்தது.

"முத்திரை அப்படியே இருக்குல்ல, துரை. அதே துப்பாக்கி, அதே கண்ணாடி. ஐயா நாளைக்கே முந்நூறுல மூணு குண்டு சுடட்டும். எங்க விழுதுன்னு எல்லாரும் பாருங்க. கரையில விழுந்தா நான் சொன்னது நெசம். தாள்ல விழுந்தா அவர் சொன்னது நெசம்."

கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நல்லது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

வக்கீலய்யா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "எனக்குச் சம்மதம். ஆனா கொடி இவனே காட்டணும். வேற ஆள் காட்டினா நாளைக்கு அதையும் பொய்னு சொல்லுவான். இவன் கையாலேயே காட்டட்டும்."

மறுநாள் காலை நான் தனியாகப் பள்ளத்தில் இறங்கினேன். செல்லையாவின் பசை டப்பா வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது, உள்ளே ஈரம். பக்கத்தில் ஒட்டுத்தாள் கட்டு, மேலே கல்லை வைத்தபடி இருந்தது. புதுத் தாளைச் சட்டத்தில் மாட்டி ஏற்றிவிட்டு, கரையை விட்டு நன்றாக விலகிப் பள்ளத்தின் மறுபக்கத்துச் சுவரோடு சாய்ந்து நின்றேன். மண் கொட்டப்போகிறது என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

முதல் சத்தம் கேட்டது. மண் கொட்டவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பின் மேற்பாதியில், வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும், ஆனால் அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. முத்திரை உடையாத அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு முந்நூறு கெஜத்தில் குண்டை நடுவில் போட ஒரே வழிதான் உண்டு. கறுப்பைக் குறிபார்க்காமல், அதற்கு ஒரு முழம் மேலே, தாளின் மேல்விளிம்பைக் குறிபார்த்துச் சுட வேண்டும். தொங்கப்போகிற ஒரு முழத்தை முன்கூட்டியே ஏற்றிப் பிடிக்க வேண்டும். குண்டு தொங்கும் என்று தெரிந்தவனால்தான் அது முடியும். அதுவரைக்கும் நான் அவரைப் பிடிவாதம் பிடித்த முட்டாள் என்று நினைத்திருந்தேன். பாய் சொன்னதெல்லாம் காதில் ஏறித்தான் இருந்திருக்கிறது. எப்போது ஏறியது, செல்லையா கண்ணைப் பொத்துவதற்கு முன்பா பின்பா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. குண்டு பொய் சொல்லாது என்று நம்பிப் பந்தயம் கட்டினேன். சுடுகிறவனுக்குக் குறியை மாற்றிப் பிடிக்கத் தெரியும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. பாய் தலையாட்டியது அதற்குத்தான்.

கம்பு ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம் சாத்தியிருந்தது. நடுவில் பசை டப்பா.

சட்டத்தை இறக்கி, ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஏற்றிவிட்டுச் செங்கொடியை ஆட்டினால் முடிந்தது. முந்நூறு கெஜத்துக்கு அப்பால் எந்தக் கண்ணாடிக்கும் அந்த ஒட்டு தெரியாது. நடந்து வந்து பார்த்தாலும் ஏற்கெனவே ஒட்டுப்போட்ட பழைய தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம்தான் வேண்டும், அது இருந்தது. செல்லையாவின் முகம் கண்முன் வந்தது, கட்டுப்போட்ட முகம். அவன் பெண்டாட்டி, என் சம்சாரம், மில் வேலை, எல்லாம் வந்தது. டப்பாவைக் கையில் எடுத்தேன். ஆடையை விரலால் உடைத்தேன். விரல் நுனியில் பசை ஒட்டியது.

ஆறு வருஷம் என்னைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறார். ஆறு வருஷத்தில் ஒரு கொடி நான் மாற்றிக் காட்டியதில்லை. அன்று ஒருதடவை ஆட்டினால், அந்த ஆறு வருஷமும் அவர் சொன்னது நிஜமாகிவிடும். அதை அந்த ஆளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நேர்மை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது முழுக்க முழுக்கப் பகை.

விரலை வேட்டியில் துடைத்துவிட்டு வெள்ளைத் தட்டைத் தூக்கிக் கறுப்பின் மேல் வைத்துக் காட்டினேன். இரண்டாவது நடுவில் விழுந்தது. காட்டினேன். மூன்றாவது அதை உரசிக்கொண்டு விழுந்தது. அதையும் காட்டினேன்.

காட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் வருவார், குடையைப் பிடித்துக்கொண்டு முந்நூறு கெஜமும் நடந்து வந்து, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார், அப்போது அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே குறி பிடித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நின்றேன். கேள்வியை மனசுக்குள் நாலுதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெயில் ஏறியது. அப்புறம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. என் கொடியைக் கண்ணால் பார்த்தே நம்பி, ஓட்டையைச் சரிபார்க்காமல் அவர் போனது அந்த ஒருநாள்தான்.

எங்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மில் வேலைக்கு இனி வழியில்லை என்றார். வக்கீலய்யா அதற்கப்புறமும் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தார் என்று பாய் சொன்னார். கண்ணாடியில் அரக்கு அப்படியே இருந்ததாம்.

அந்த மூன்று குண்டையும் காட்டிய அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்லையா கட்டிலில் சாய்ந்து, கட்டில்லாத கண்ணால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காருவதற்குள் கேட்டான்.

"என்ன காட்டுன மச்சான்?"

"வெள்ளை."

"மூணுமா?"

"மூணும். ஏத்திப் பிடிச்சுச் சுட்டுட்டாரு மாப்ள. தெரிஞ்சே சுட்டுட்டாரு."

அவன் போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தான்.

"டப்பாவுல பசை இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சு" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.